படிவத்தில் நடந்த திருமணம்

அலமோசா, கொலராடோ
ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய திரு. ஈலாய் தஃபோயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் முழங்கால் வலியும் நலமென நம்புகிறேன். தங்கள் அக்கா நோரீன் நலம். நானும் நலம் என்று எழுதினால் அது பொய்யாகும். இந்த வீட்டிலிருந்து இந்த ஆண்டு ஒரு பொய் ஏற்கனவே அரசாங்கத்துக்குப் போயிருக்கிறது, இரண்டாவது வேண்டாம்.

நூலகத்தில் பத்து நாள் பயிற்சி பெற்று ஊராருக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் தங்கள் தொண்டை நான் குறைத்து மதிப்பிட்டதில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம், பச்சைமிளகாய்க் குழம்பு ஆறுவதற்குள் என்று அவசரப்படுத்தி, நோரீன் முன்பும் என் முன்பும் ஒரு தாளை நீட்டினீர்கள். கையெழுத்திட்டோம். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதிய மாணவர்களை இருபத்தாறு ஆண்டுகளாகத் தோல்வியடையச் செய்து வரும் நிலத்தடி நீரியல் பேராசிரியனாகிய நான், படிக்காமல் கையெழுத்திட்டேன். நேற்றுத்தான் நகலைப் பார்த்தேன். ‘தனி நபர்’ என இரு படிவங்கள் போயிருக்க வேண்டிய இடத்தில் ஒரே படிவம். அதில் ‘மணமானவர்கள், கூட்டாக’ என்ற கட்டத்தில் தங்கள் குறி. தொலைபேசியில் கேட்டேன். சிரித்தீர்கள்.

“தனித்தனியா போட்டா வரி கூடும், மச்சான். நம்ம மாநிலத்துல பாதிரியாரும் வேணாம், சாட்சியும் வேணாம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, ஊருக்கு முன்னாடி புருஷன் பொண்டாட்டியா நடந்துக்கிட்டா கல்யாணம் ஆனதுதான்.”

“நாங்க எப்ப ஒத்துக்கிட்டோம்?”

“வெந்நீர் ஊத்துக் குளத்துல தம்பதி சீட்டு வாங்கறப்போ, ‘இவங்க என் மனைவி’ன்னியே. வரிசையில உன் பின்னாடி நான்தான் நின்னேன்.”

அது சலுகை விலைக்குச் சொன்ன சொல்; வாழ்க்கை ஒப்பந்தம் அல்ல. ஒன்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்வதும் திருமணமாகாது. நாங்கள் மணந்துகொள்ளாததற்குக் காரணம் தாங்களும் அறிந்ததே. தீயணைப்புப் பணியில் இறந்த கணவர் ரூபனின் ஓய்வூதியம் நோரீனுக்கு வருகிறது. மறுமணம் செய்த நாளோடு அது நின்றுவிடும். கூட்டுப் படிவம் ஒன்றே போதும், ஓய்வூதிய நிதியத்தார் எங்களைத் தம்பதியராக முடிவுகட்ட. வரியில் சிறு தொகையை மிச்சம்பிடிக்க, அக்காவின் ஆயுட்கால வருமானத்தை ஒரு பேனாக்குறியால் அறுத்திருக்கிறீர்கள்.

ஆகவே, ஏப்ரல் பதினைந்துக்கு முன் அப்படிவத்துக்கு மாற்றாக இரண்டு தனிப் படிவங்களைத் தாக்கல் செய்வீர்கள். நோரீன் என் மனைவி அல்ல, இருந்ததில்லை. இதை எந்த அவையிலும் ஐயமற நிறுவ என்னால் முடியும்.

தங்கள் முழங்காலுக்கும் இல்லத்தாருக்கும் எல்லா நலன்களும் வேண்டி,
லீலண்ட் ஹாஸ்கியூ

பி.கு.: உறையை ஒட்டுமுன் நோரீன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தாள்.

“நல்லா எழுதியிருக்கே. நான் உன் பொண்டாட்டி இல்லைன்னு எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு.”

“உன் ஓய்வூதியத்துக்காகத்தான்.”

“அது ரூபன் எனக்கு விட்டுட்டுப் போனது. வேணுமா வேணாமான்னு என்னைக் கேட்டீங்களா? தம்பியும் கேக்கல, நீயும் கேக்கல. நிறுத்திடுங்கன்னு போன செவ்வாக்கிழமையே நிதியத்துக்கு எழுதிப் போட்டுட்டேன்.”

“நகலே நேத்துத்தானே வந்தது?”

“எனக்கு நகல் எதுக்கு? நான் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

எனவே குறி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வாதத்தில் பிழை ஏதுமில்லாததால் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.