சோற்றில் லைன் லாஸ்

குமுளி மலையடிவாரத்துக் கூடலூரில் எங்கள் தெருக்காரர்கள் போலீசுக்குப் பயந்தவர்கள் இல்லை, பேய்க்கும் பயந்தவர்கள் இல்லை. பயந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் பவர்ஹவுஸ். தபால்காரரே அப்படித்தான் கூப்பிடுவார். லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் தனிக்கட்டை.

எதிர்ப்பட்டால் ஊரே "சாப்டீகளா?" என்று கேட்கும். இவர் மட்டும் "மிச்சம் இருக்கா?" என்பார். பாவம், பசிக்கிறது போலிருக்கிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் தட்டை எடுத்து வைப்பார்கள். அப்புறம்தான் தெரியும், நடப்பது விசாரணை என்று.

"அங்கன கரண்டு லைன்ல லாஸ் ஆனா மேலதிகாரி வந்து கேப்பாக. இங்கன தெனமும் சோறு லாஸ் ஆகுது. யாரு கேக்குறா? நான் கேக்குறேன்!"

மிஞ்சியதைப் பாலிதீன் பையில் முடிந்து தெருமுனைக் குப்பையில் எறிவது எங்கள் வழக்கம். மாடு அதைப் பையோடு விழுங்கும். பவர்ஹவுஸ் விடிந்ததும் போய் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். சோற்றை மாட்டுக்குப் போடுவதோடு விட்டாலாவது பரவாயில்லை. மோந்து பார்த்து, இது இன்னார் வீட்டு ரசம் என்று கண்டுபிடித்து, பையை மடித்து அந்த வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார்.

"ஆத்தா, புளி தூக்கல். அதான் புள்ளைக தொடல. நாளைக்குக் கொறச்சுப் போடு."

என் மனைவி ரவை உப்புமா செய்வதை நிறுத்தியது இவரால்தான். அந்த ஒரு உபகாரத்துக்காக நான் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, தெருவில் உரித்த காய்கறித் தோல் முழுவதையும் அதில் போட்டு மண்ணால் மூடிவைப்பார். உரமானதும் வீடு வீடாக வந்து கொடுப்பார். வேண்டாம் என்றால், "ஒங்க வீட்டு வெங்காயத் தோலு, ஒங்களுக்கே தாரேன்" என்பார். செடி வைக்க இடமில்லாதவர்கள் உரத்தை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு முழித்தார்கள்.

திராட்சைத் தோட்டம் வைத்திருந்த செல்லப்பாண்டி அண்ணன்தான் ஒருநாள் பொங்கிவிட்டார். மாமனார் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது பவர்ஹவுஸ் உள்ளே போய், "நேத்து கறிக்கொழம்பு அரைச்சட்டி குப்பையில கெடந்துச்சு" என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இனிமே என் வாசப்படிய மிதிச்சீகன்னா, மரியாத கெட்டுப்போகும்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது.

கொஞ்ச நாளில் செல்லப்பாண்டி அண்ணனின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் குமுளிக்கு மேலே எஸ்டேட்டில் இருந்தார். அவருடைய சனம் ஜீப் ஜீப்பாக இறங்கப்போகிறது என்று கிடாய் வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்தாகிவிட்டது. செல்போன் எங்கள் ஊரை எட்டாத காலம். மழையில் மலைச்சாலையில் மரம் விழுந்த சங்கதி எங்களுக்கு எப்படித் தெரியும்? தாய்மாமன் மட்டும் மரத்தில் ஏறிக் குதித்து, நடந்தும் லாரி பிடித்தும், தலையெல்லாம் சேறோடு மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்.

"மச்சான், மத்த சனமெல்லாம் திரும்பிப் போயிருச்சு" என்றார்.

அவர் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியாயிற்று. உள்ளூர்க்காரர்கள் சாப்பிட்டும் ஆயிற்று. அண்டாக்கள் அப்படியே இருந்தன. செல்லப்பாண்டி அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"புள்ளைக்குக் காது குத்துன அன்னிக்கு சோத்தக் குழியில கொட்டுனா, அது வெளங்குமா?"

அந்த நேரம் பார்த்து, பந்தலுக்கு வெளியே நின்று பவர்ஹவுஸ் கேட்டார்: "மிச்சம் இருக்கா?"

அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தோம். "முழுசும் மிச்சந்தாண்ணே" என்றார் செல்லப்பாண்டி, தலை நிமிராமல்.

பவர்ஹவுஸ் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு மெயின்ரோட்டுக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். மரத்தை அறுத்துப் போட்டு வழிவிட்டிருந்தார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியுமுன் மலையேறிய சனம், பொழுதுசாய நனைந்துபோய் ஜீப்புகளில் வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் நின்று துண்டை ஆட்டினார்.

"ஏலே, நிப்பாட்டு! எறங்குங்க ஆத்தா, கறிச்சோறு!"

"யாரு வீட்டு விசேசம்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"மழையில நனஞ்சவுக வீட்டு விசேசம். எறங்கு!"

வந்தார்கள். ஜீப் வருவதும் நிற்கவில்லை, பந்தியும் நிற்கவில்லை. பவர்ஹவுஸ் இலைக்கு இலை குனிந்து, "வேணும்னா கேளுங்க, வேணாம்னா கையக் காட்டுங்க" என்று படுத்தி எடுத்தார். வயிறு நிறைந்த பெண்கள் காது சிவந்து அழுதுகொண்டிருந்த குழந்தையைக் கொஞ்சி, நெட்டி முறித்துவிட்டுப் போனார்கள். செல்லப்பாண்டி அண்ணன் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். அப்புறம்தான் அவருக்குச் சட்டென்று உறைத்தது.

"அண்ணே, நீங்க சாப்டீகளா?"

பவர்ஹவுஸ் இல்லை என்று தலையாட்டினார். முகத்தில் அப்படியொரு பெருமை. "ஒரு பருக்க லாஸ் இல்ல, பாத்தியா?" என்றார்.

அண்ணன் மனைவி அடுப்பைப் பற்றவைத்து, ஒரே ஒரு ஆளுக்கு அரிசி போட்டார். கறி இல்லை, வெறும் ரசம்தான். அண்ணன் அவரைக் கையைப் பிடித்து வாசற்படி ஏற்றி உட்காரவைத்தார்.

அவர் இலையில் ஏதாவது மிச்சம் வைக்கிறாரா என்று பிடிப்பதற்காகத்தான் நான் எட்டிப் பார்த்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பருக்கையை எடுத்த பிறகும் விரல்கள் இலையில் தேடின. அன்றைக்கு ஒருநாளாவது, இன்னும் ஒரு கை அரிசி கூடுதலாகப் போட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.