கேப்பு மாமாவும் இரண்டு கப்பல்களும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் குடும்பப் படங்களை எல்லாம் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி படங்களில், நடுவிலோ ஓரத்திலோ, ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம் இருக்கும். பல் விழுந்த வாய் மாதிரி. அத்தனைக்கும் காரணம் ஒரே மனிதர்தான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கேப்பு மாமா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோ போர்டில் எழுதியிருந்ததாம், அதை மழை அழித்துவிட்டது. நாங்கள் நேரில் மாமா என்போம், முதுகுக்குப் பின்னால் கேப்பு என்போம். குடும்பத்தோடு போட்டோவுக்கு நின்றால் போதும், கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும்.

"கேப்பு உட்டு நில்லும்மே! ஒர்த்தன் வர வேண்டியது கீது!"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் எல்லோரும் ஒரே நாளில் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஒருவர் கப்பலில் இருப்பார், இன்னொருவர் விசைப்படகில் போயிருப்பார், மற்றவருக்கு கம்பெனியில் ஷிப்ட். அதனால் இருக்கிறவர்களை இடம் விட்டு நிற்க வைத்து எடுத்துவிடுவார். வராதவர் வந்ததும் அதே இடத்தில், அதே வெயிலில் நிற்க வைத்துத் தனியாக எடுத்து, அந்த இடத்தில் ஒட்டிக் கொடுப்பார். முதலில் கத்தரிக்கோலால் ஒட்டினார், அப்புறம் கம்ப்யூட்டரில். வராமலே போனவர்களின் இடம் அப்படியே காலியாக நின்றுவிடும்.

நாளடைவில் இது அவருக்கு வியாதியாகிவிட்டது. ரேஷன் கார்டுக்கு நான் எடுத்துக்கொண்ட படத்தில் என் மூஞ்சி ஒரு ஓரமாக இருந்தது, மீதி எல்லாம் நீலத் திரை. "யார் சார் பக்கத்துல வரப் போறாங்க?" என்று ஆபீசில் கேட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவிலேயே இடம் விடச் சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"யோவ், தாலி கட்டி அர மணி நேரம்கூட ஆவல. அதுக்குள்ள பிரிச்சு வெக்கிறியா?"

"கொயந்த பொறக்கும்ல? அத்த எங்க நிக்க வெப்ப?" என்றார் மாமா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் ஊரடங்கு வந்தது. எல்லோரும் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்று சர்க்கார் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனது. மாமா ஸ்டுடியோ வாசலில் நின்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"முப்பது வருசமா கரடியா கத்தினேன் நைனா. இப்ப பாரு, கவர்மெண்ட்டே சொல்லுது."

ஆனால் பெருமை சோறு போடவில்லை. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, ஸ்டுடியோ ஷட்டரை இறக்கியாகிவிட்டது. மாமா வீட்டில் உட்காருகிற ஜாதி இல்லை. காலையில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ராயபுரம் ஸ்டேஷனில் ஆளில்லாத பெஞ்சை எடுப்பார். பூட்டிய கிடங்குகளையும், மாதா கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய்களையும் எடுப்பார். நாய்களையும் கேப்பு விட்டுத்தான் படுக்க வைத்தார் என்று தெருவில் பேச்சு. நான் நேரில் பார்க்கவில்லை.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் மடக்கினார்.

"எங்கய்யா போற?"

"வேலைக்கு."

"இன்னா வேலை?"

"நடக்குறதுதான்."

ஏற்கெனவே பிடிபட்ட எட்டுப் பேர் அங்கே தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவையும் சேரச் சொன்னார். மாமா நாலு போட்டார், ஐந்தாவதில் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். பொறுக்கவில்லை. "இன்னா சார் இது, வரிசையா இது? நெட்டையா கீறவன்லாம் பின்னாடி போ. நடுவுல கேப்பு உடு, சார் வந்து நிக்கட்டும்" என்று எல்லோரையும் அடுக்க ஆரம்பித்தார். கடைசியில் போலீஸ்காரரும் லத்தியோடு நடுவில் நின்று போஸ் கொடுத்தார் என்று அந்த எட்டில் ஒருவராக இருந்த எங்கள் பால்காரர் சொன்னார்.

எனக்கு அப்போது அவரைக் கண்டாலே எரிச்சல். பாரிமுனையில் நான் வேலை பார்த்த ஆபீஸ் மூடிக் கிடந்தது. வீட்டில் தங்கச்சி சுமதி, பிரசவம் முடிந்து இரண்டு மாதக் கைக்குழந்தையோடு. அவள் புருஷன் தேவா கப்பலில். குழந்தை பிறப்பதற்குள் வந்திருக்க வேண்டியவர். ஆள் மாற்ற எந்தத் துறைமுகத்திலும் விடவில்லை என்று ஒரு மாதம், இன்னொரு மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். பகல் முழுக்க தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம். ஒவ்வொன்றுக்கும் சுமதி எழுந்து வாசலைப் பார்ப்பாள். இந்த நேரத்தில் மாமா மாஸ்கை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"கொயந்தய தூக்கிக்கினு வாம்மே. அப்பனுக்குக் கேப்பு உட்டு நில்லு. அவன் வந்தான்னா ஷோக்கா ஒட்டிக் குடுத்துர்றேன்."

சுமதிக்கு முகம் மாறிவிட்டது. "ஒட்ட வாணாம் மாமா."

"ஏன்?"

"என் கல்யாண போட்டோல எங்க அப்பாவ ஒட்டினீங்களே, ஞாபகம் கீதா?"

அப்பா அவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே போய்விட்டார். மாமாதான் பழைய படத்திலிருந்து அவரை எடுத்து, மணமேடையில் அவள் பக்கத்தில் நிற்க வைத்தார். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்து அழுதோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி ஒரு படம் உண்டு.

"செத்துப் போனவங்கள ஒட்டுவாங்க. அவுரு உயிரோட கீறாரு. ஒட்டாம, நாங்க மூணு பேரும் ஒரே போட்டோல இருக்கணும். முடிஞ்சா எடுங்க, இல்லன்னா உட்டுருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மாமாவை மூன்று நாள் எங்கள் தெருப் பக்கமே காணோம்.

நான்காம் நாள் தேவா போன் செய்தார். கப்பல் நம் ஊருக்கே வருகிறதாம், எண்ணூரில் நிலக்கரி இறக்க. முதலில் ராயபுரத்துக்கு எதிரே கடலில் ஒரு நாள் நங்கூரம் போட்டு நிற்கும். அப்புறம் எண்ணூரில் கட்டுவார்கள். கரி இறங்கியதும் கிளம்பிவிடும். "ஆனா எங்கள எறங்க உடமாட்டாங்க சுமதி" என்றார். பத்து மாதம் கழித்து சொந்த ஊர் வாசலுக்கு வந்துவிட்டு, வீட்டுக்கு வர முடியாமல் போகப் போகிறார். சுமதி போனை வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

விஷயம் மாமா காதுக்கு எப்படிப் போனதோ, மறுநாள் விடியும்போதே வாசலில் நின்றார். தோளில் பொதுக்கூட்டங்களுக்காக வாங்கிய நீள லென்ஸ்.

"கப்பல் வந்துருச்சி. கெளம்பு."

காசிமேட்டுப் பக்கம், கடலரிப்புக்குப் போட்ட பாறாங்கற்கள் மேல் போய் நின்றோம். எதிரே ஒன்றல்ல, ஐந்து கப்பல்கள். தேவா போனில் "நான் முன்னாடி நிக்கிறேன், ஆரஞ்சு டிரஸ்ஸு, கைய ஆட்டுறேன்" என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது. மாமா லென்ஸ் வழியாக ஒவ்வொரு கப்பலாகப் பார்த்தார்.

"தோ, அந்த ரெண்டாவது கப்பல்தான். முன்னாடி ஆரஞ்சு தெர்து பாரு."

கடுகளவு ஆரஞ்சு நிறம் தெரிந்தது உண்மைதான். சுமதி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நான் துண்டை ஆட்டினேன். அந்தக் கடுகும் ஆடியது. கால் மணி நேரம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கையாட்டினோம். மாமா எடுத்துத் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் தேவாவிடமிருந்து போன். "இன்னா சுமதி, எப்பதான் வருவீங்க? காலைலேர்ந்து நின்னுக்கினே கீறேன்."

அவர் நின்றது ஐந்தாவது கப்பலில். கப்பலில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் ஆரஞ்சு உடைதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்த வெச்சு அந்தக் கப்பல்னு சொன்ன?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "அதுலதான் நைனா வெயில் நல்லா வியுந்துது."

உலகத்தில் எவனாவது வெயிலைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுப்பானா? நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். முப்பது வருஷமாகப் படம் எடுத்துக் கிழித்தது போதும், கேமராவைக் கடலில் போடு என்றுகூடச் சொல்லிவிட்டேன். சுமதி மட்டும் திட்டவில்லை. "கையாட்டினவரு யாரோ, பாவம். அவரும் வூட்டுக்குப் போவ முடியாமதானே கீறாரு" என்றாள். மாமா எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் மதியம் தேவாவின் கப்பல் எண்ணூர் துறைமுகத்துக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்த நாள் மாலை கிளம்புகிறது என்று தகவல். நாங்கள் ஆசையை விட்டுவிட்டோம். கிளம்புகிற அன்று காலை வாசலில் வண்டிச் சத்தம். மீன் ஏற்றும் குட்டி யானை வண்டி. டிரைவர் பக்கத்திலிருந்து மாமா நொண்டிக்கொண்டே இறங்கினார். முந்தின நாள் காத்திவாக்கம் வரை நடந்தே போய், எந்த இடத்தில் நின்றால் கப்பல் தெரியும் என்று பார்த்துவிட்டு, நடந்தே திரும்பியிருக்கிறார். இரண்டு காலிலும் கொப்புளம்.

"மீன் வண்டிய போலீஸ் உடும். நீ முன்னாடி குந்தும்மே, நாங்க ரெண்டு பேரும் பின்னாடி பொட்டி மேல."

அவர் சொன்னபடி உடனே விடவில்லை. காசிமேட்டில் அதே தோப்புக்கரணப் போலீஸ்காரர் கையை நீட்டினார். முன்னால் குழந்தை, பின்னால் ஐஸ் பெட்டி மேல் நான். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். லத்தியோடு போலீஸ்காரர் நின்ற படம். அவர் அதைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பார்த்துக் கூட்டிட்டுப் போ என்று வழியை விட்டார்.

காத்திவாக்கத்தில் கழிமுகக் கரையில் இறங்கினோம். அந்தப் பக்கம் துறைமுகம், நிலக்கரித் தூசி, கப்பல். இந்தத் தடவை நான் போனில் ஏமாறவில்லை. "தேவா, அந்த ஆரஞ்சு கதையே வாணாம். உன் லுங்கிய எட்து கம்பில கட்டு" என்றேன். சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி, சுமதி வாங்கி அனுப்பியது. ஐந்து நிமிடத்தில் கப்பலின் ஓரத்தில் சிவப்பாக ஒன்று பறந்தது. பக்கத்தில் ஒரு ஆள் குதித்துக் குதித்துக் கையாட்டினார். சுமதி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா படம் எடுக்கவில்லை. பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போற மாமா? கப்பல் அந்தப் பக்கம் கீது!"

"கிட்ட நின்னு எட்தா இவ பெர்சா தெரிவா, அவன் எறும்பாட்டம் இருப்பான். நான் பின்னாடி போவப் போவ அவன் கிட்ட வருவான். நீ பேசாம இரு."

எனக்குப் புரியவில்லை. அவர் நீள லென்ஸ் மாட்டிய கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் போனார், போய்க்கொண்டே இருந்தார். கரை வளைகிற இடத்தில் கரை முடிந்தது, மாமா முடியவில்லை. அங்கே தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் கத்தினார்கள்.

"யோவ், சேறுய்யா! உள்ள இஸ்துக்கும்!"

முழங்கால், தொடை, இடுப்பு. சாம்பல் நிறச் சேற்றில் மாமா இறங்கிக்கொண்டே போனார். மாஸ்கால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியவில்லை என்று இரண்டையும் கழற்றி எறிந்தார். கேமரா மட்டும் மேலே நின்றது. அந்தப் பெண்களில் ஒருத்தி அவரை இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துத் தொலைய்யா!" என்று அவள் போட்ட சத்தம் கப்பலுக்கே கேட்டிருக்கும்.

"தேவா! அசையாத!" என்று மாமா, போன் என்னிடம் இருப்பதை மறந்துவிட்டு, கடலைப் பார்த்துக் கத்தினார்.

அப்புறம் அவரை வெளியே இழுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. சாயங்காலம் கப்பல் கிளம்பிப் போனது.

படத்தைப் பார்த்தபோது அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. முன்னால் சுமதியும் குழந்தையும். அவர்களுக்குப் பின்னால் கப்பல், தெரு எதிர்சாரியில் நிற்கிற மாதிரி அவ்வளவு பக்கத்தில். அதில் லுங்கிக்கு அருகே, கட்டைவிரல் நகம் அளவுக்கு தேவா. ஒட்டாத படம். சுமதி அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் காலில் விழப் போனாள். "ஐயே, இன்னாம்மே பேஜாரு, கால்ல சேறு கீது" என்று அவர் ஓடிவிட்டார்.

தேவா ஏழு மாதம் கழித்து வந்தார். அதற்கப்புறம் பல தடவை போயும் வந்தும் ஆகிவிட்டது. இப்போதும் கப்பலில்தான் இருக்கிறார். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். பீரோ கதவில் ஒட்டியிருக்கும் அந்தப் படத்துக்கு முன்னால் தினமும் காலையில் நின்று, கட்டைவிரல் நகம் அளவு இருக்கும் அப்பாவை ஒரு விரலால் தடவிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். தடவித் தடவி அந்த இடம் மட்டும் வெளுத்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை மாமா வருவார். "இன்னாம்மே, அப்பன தேச்சே தீத்துட்டியே" என்று அவளைத் திட்டிக்கொண்டே புதிதாகப் பிரிண்ட் போட்ட படத்தை ஒட்டிவிட்டுப் போவார்.

போன மாதம் வந்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. வயசாகிவிட்டது, படியேறவே மூச்சு வாங்குகிறது.

"ஒரு கண்ணாடி ஃபிரேம் போட்டுட்டா வெளுக்காதே மாமா. ஒவ்வொரு தபாவும் நீ எதுக்கு அலையுற?"

படத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டே, நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டா கொயந்த எத்த நைனா தொடும்?"