யார் முழங்கை என்று சொன்னாயா?

சகல சௌபாக்கியங்களும், புத்தம் புதிய மகளும், அவளைவிடப் பெரிய அதிகாரமும் பெற்று விளங்கும் என் அக்காள் மகளுக்கு, வாசலோடு விரட்டப்பட்ட தாய்மாமன் எழுதிக்கொண்டது. இங்கு என் மூக்கைத் தவிர அனைவரும் நலம்.

தையல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, உறையும் குளிரில் இரண்டு பஸ் மாறி, குழந்தையை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வந்தவனை, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, “இருமலோட உள்ள வராதீங்க மாமா! உங்களுக்கு வெறும் சளி, பச்சப்புள்ளைக்கு மூச்சே முட்டிப் போயிடும்” என்றாயே, நீ நர்ஸா, கோட்டைக் காவலா? “சளி இல்லடி, துணித் தூசி” என்று நான் விளக்கும்போது வந்த தும்மலில் உங்கள் வீட்டு அழைப்புமணி தானாக அடித்தது உண்மைதான். அதையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்வதா?

போதாக்குறைக்குக் கதவிடுக்கு வழியாக உபதேசம் வேறு. கையில் இருமாதே, முழங்கையில் இருமு. சரி என்று திரும்பும் பஸ்ஸில் இருமல் வந்ததும், பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற கண்டக்டரின் முழங்கையில் இருமினேன். வாய்க்கு வாகான முழங்கை. “யோவ் பெரியவரே, என்னய்யா இது?” “என் அக்கா மக நர்ஸு, அவ சொன்னதுங்க.” “உங்க முழங்கையில இருமச் சொல்லியிருப்பாங்கய்யா!” பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. யார் முழங்கை என்று நீ சொன்னாயா?

அடைத்த அறையில் ஒருத்தர் விட்ட மூச்சைத்தான் இன்னொருத்தர் இழுக்கிறார், கடை ஜன்னலைத் திற என்றாய். திறந்தேன். அளவு வெட்டி வைத்திருந்த காகிதமெல்லாம் பறந்து, ஒரு கோட்டுச் சட்டையின் இடது கைக் காகிதம் எதிர்க்கடைத் தராசில் போய் இறங்கியது. காய்கறிக்காரர் கத்தரிக்காயோடு சேர்த்து நிறுத்துவிட்டார். “அண்ணே, ஜன்னல மூடித் தொலைங்க!” என்று கத்தினார் பொத்தான் தைக்கும் அம்மாள், இருமிக்கொண்டே. துணித் தூசி என்றால் அந்த அம்மாளுக்கும் என் கடை இஸ்திரிக்காரருக்கும் காய்ச்சல் எப்படி வந்தது என்று குதர்க்கமாகக் கேட்காதே.

ஆகவே, இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன். குழந்தைக்குத் தைத்த சட்டையை நானே போட்டுக்கொள்வேன். அவள் மாமன் அழகோடும், தாயின் நாக்கு இல்லாமலும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
மானமுள்ள மாமன்

பி.கு. (உறையின் முதுகில்): ஐயையோ, எச்சில் தொட்டு ஒட்டிவிட்டேன்! குழந்தை பக்கத்தில் பிரிக்காதே. உன் வீட்டுக்காரரை வெளியே வைத்துப் பிரிக்கச் சொல், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இருமல் நின்றதும் வருகிறேன். இப்போதெல்லாம் என் வலது முழங்கையில் மட்டும்தான் இருமுகிறேன். இடதைக் குழந்தை தலை வைக்கச் சுத்தமாக வைத்திருக்கிறேன்.