காற்புள்ளிக் காவலர்

திருடனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது, எல்லையைக் காக்கப் பட்டாளம் இருக்கிறது. காற்புள்ளியைக் காக்க யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் என்றைக்காவது கவலைப்பட்டதுண்டா? படவேண்டாம். இங்கிலாந்தில் அதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. ஊருக்கு ஒருவராவது தேறுவார். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, யாரும் நியமிக்கவும் இல்லை. போகச் சொன்னாலும் போகமாட்டார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஓட்டலில் எல்லோரும் பசியோடு மெனு கார்டைப் புரட்டும்போது இவர் மட்டும் பெருமூச்சு விடுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்கும் முன் முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். இரங்கல் அட்டையில் ஆச்சரியக்குறியைக் கண்டால் செத்தவரை விட்டுவிட்டு அதற்காக வருந்துவார். எல்லாவற்றையும்விட இவரைத் துடிக்க வைப்பது, இங்கிலீஷ் எழுத்தின் தலைக்குப் பக்கத்தில் தொங்குகிற, அபாஸ்ட்ரஃபி என்கிற அந்தச் சின்னக் கொக்கி. உருளைக்கிழங்கு ஒன்றுக்கு மேல் போனால் போதும், ஆங்கிலேயக் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு கொக்கியைக் கொண்டுவந்து, பலகையில் பன்மை எழுத்துக்கு முன்னால் தேவையே இல்லாமல் மாட்டிவிடுவார். ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. வெறுமையாக விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆஷ்லிங்டன் ஊருக்கு வாய்த்தவர் நெவில் க்ரம்ப்டன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பிறர் எழுதிய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர். கோட்டின் உள்பையில் சிவப்புப் பேனா. அது இல்லாமல் வெளியே கிளம்பினால் கால்சட்டை இல்லாமல் கிளம்பியதுபோல் அவருக்குக் கூசும்.

நவம்பரில் ஊர்த்திடலில் தீ மூட்டி வாணவேடிக்கை விட்ட மறுநாள் காலை, பேப்பர் வாங்கப் போன நெவில், பஸ் நிழற்குடையில் ஒரு போஸ்டரைப் பார்த்தார். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் ட்ரேசி ஹக்கின்ஸ் ஒட்டியது. அவளுடைய நாய் பிக்கிள் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட்டது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. வயதான நாய், இதயக் கோளாறு. மாத்திரை தவறினால் தாங்காது, தயவுசெய்து தேடுங்கள் என்று எழுதி, பெரிதாக ஒரு படமும் போட்டிருந்தாள்.

நெவில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவருக்கு நெஞ்சு படபடத்தது. வெடிகளுக்கு ஒரு கொக்கி! மாத்திரைகளுக்கு ஒரு கொக்கி! பிக்கிள் என்ற பெயருக்கு, ஏதோ புனைபெயர் மாதிரி, இரண்டு பக்கமும் மேற்கோள்குறி! இதயக் கோளாறுக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு காற்புள்ளிகூட இல்லை. இப்படியும் ஒரு கொடுமை நடக்குமா? பேனாவை எடுத்தார். வேண்டாத கொக்கிகளை அடித்தார், வேண்டிய இடத்தில் காற்புள்ளியை வைத்தார், இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போஸ்டர் இது ஒன்றுதானா? ஊர் முழுக்க அல்லவா ஒட்டியிருப்பாள்!

பிறகென்ன, கம்பம் கம்பமாகப் புறப்பட்டார். சர்ச் மதில், தபால் ஆபீஸ் வாசல், மீன் வறுவல் கடை என்று வரிசையாகத் திருத்திக்கொண்டே போனார். சர்ச் மதிலருகே ஒரு நாய் அவர் பின்னால் சேர்ந்துகொண்டது. பழுப்பு நாய். ஒரு காது வெள்ளை. அவர் கையில் பாதி தின்ற இறைச்சி பஃப்ஸ் இருந்தது. அவர் ஒரு கம்பத்தடியில் நின்றால் அதுவும் நிற்கும். அவர் திருத்தும்வரை, தன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து மூச்சிரைக்கும். "சூ! போ! யார் வீட்டு நாய் இது, அவுத்து விட்டுட்டு வேடிக்கை பாக்கறாங்க!" என்று நெவில் பொதுமக்களைத் திட்டினார். உதிர்ந்த பஃப்ஸ் துணுக்குகளை அது நக்கித் தின்றது.

தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் பெட்டி என்ற பெண்மணி எட்டிப் பார்த்து, "என்ன நெவில், நீயும் ட்ரேசி நாயைத் தேடறியா? தங்கமான மனுஷன்ப்பா நீ!" என்றாள்.

"என்னால முடிஞ்சது," என்றார் நெவில் அடக்கமாக. பின்னால் இருந்ததை அவர் கால் மறைத்துக்கொண்டிருந்தது.

வீடுவரை வந்த நாயை, மடித்த பேப்பரை ஓங்கி விரட்டிவிட்டு, கேட்டைச் சாத்தினார். மனைவி டோரீன் தேநீர் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கடைக்கு எழுதிக்கொடுத்த சாமான் சீட்டெல்லாம் திருத்தப்பட்டே திரும்பி வந்திருக்கின்றன. இப்போதெல்லாம் அவள் வாயால்தான் சொல்வாள். நெவில் அன்றைய கொடுமைகளை, காணாமல்போன நாய் போஸ்டரில் தொடங்கி, பின்னாலேயே வந்து தொல்லை கொடுத்த ஏதோ ஒரு நாய் வரை, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

"சரி, என்ன நாயாம்?"

"மாத்திரைல ஒரு கொக்கி, டோரீன். மாத்திரைல!"

"கொக்கி கெடக்கட்டும். நாய் எப்படி இருக்கும்னு போட்டிருந்துச்சு?"

நெவில் யோசித்தார். போஸ்டரை வரி மாறாமல் ஒப்பிக்க அவரால் முடியும். ஆனால் அது எதைப் பற்றியது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

"படமாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. படத்துல திருத்த ஒண்ணுமில்ல."

டோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "இப்ப கேட் கிட்ட ஒரு நாயை விரட்டினியே. ஒரு காது வெள்ளையா இருந்துச்சே, ட்ரேசியோடது மாதிரி. அதைத்தானேய்யா காலைலேருந்து கூடவே கூட்டிட்டுச் சுத்தியிருக்கே!"

வாசலுக்கு ஓடினார்கள். தெரு காலி. மழை பிடித்துக்கொண்டது.

ட்ரேசி வீட்டுக் கதவைத் தட்ட நெவிலுக்குக் கை எழவில்லை, டோரீன்தான் தட்டினாள். தொப்பலாக நனைந்துபோய் ட்ரேசி வந்தாள். கையில் மாத்திரை டப்பா.

"போஸ்டர்ல செவப்பு மை பாத்தேன் மிஸ்டர் க்ரம்ப்டன்," என்றாள். "யாரோ பிக்கிளைப் பாத்துட்டு எழுதியிருக்காங்கன்னு ரோட்டைக் குறுக்கால ஓடினேன். ஒரு கார்க்காரன் கண்டபடி ஏசினான். கிட்டப் போய்ப் பாத்தா, வால் மாதிரி ஏதோ ஒண்ணு. சரி, அடுத்ததுல எழுதியிருப்பாங்கன்னு அங்க ஓடினேன். அங்கயும் அதே வால். எல்லாக் கம்பத்துக்கும் ஓடினேங்க."

அது வால் இல்லை, காற்புள்ளி என்று சொல்ல நெவில் வாயைத் திறந்தார். திறந்த வாயைப் பிறந்ததிலிருந்து முதல்முறையாக மூடினார். "பாத்தேன்மா," என்றார் பிறகு. "கூடவே வந்துச்சு. நான்தான் கவனிக்கல." ட்ரேசி அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

மூவரும் அவர் திருத்திப் போன வழியே திரும்ப நடந்தார்கள். கத்திக் கத்தி நெவிலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பஸ் நிழற்குடை பெஞ்சுக்கு அடியில், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எழுந்திருக்கக்கூட முடியாமல் பிக்கிள் கிடந்தது. ட்ரேசி தரையில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டியில் மாத்திரையைப் பொதிந்து ஊட்டினாள். நெவில் தன் நல்ல கோட்டைக் கழற்றி அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு நாள் தும்மினார்.

அந்த வாரமே கம்பங்களில் புதுப் போஸ்டர். பிக்கிள் கிடைத்துவிட்டது, க்ரம்ப்டன் தம்பதிக்கு நன்றி. க்ரம்ப்டனுக்கு ஒரு கொக்கி. நன்றிக்கும் ஒரு கொக்கி. கடைசியில் ஆச்சரியக்குறிகள் வேலி மாதிரி வரிசையாக நின்றன. நெவில் வெகுநேரம் அதன் எதிரே நின்றார். கை கோட்டுப் பைக்குள் இருந்தது. பேனாவும் அங்கேதான் இருந்தது.

"வரியா, இல்லியா?" என்றாள் டோரீன்.

வந்துவிட்டார். எப்படி வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

இதெல்லாம் எங்கோ இங்கிலாந்தில் நடப்பது, நமக்கு ஏன் என்றுதானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். போன வாரம் ஹாஸ்டலிலிருந்து உங்கள் மகள் போனில் அனுப்பிய செய்தியில், பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தும் கேள்விக்குறியை விட்டுவிட்டாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்களே, அது உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அவள் என்ன கேட்டிருந்தாள்?