சாட்சிக்கு வந்த சண்டை விமானம்

அன்றைக்கு பாக்டரி ஆபீசில் இருந்தவர்கள்: டீமேக்கர். கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டரம்மா. யூனியன் ஆள். அரைநூல். அவர் சம்சாரம். நான். மேசைமேல் ஒரு சாண் நீளத்தில் ஒரு சண்டை விமானம்.

சண்டை விமானத்தைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் வேலை கேட்ட ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் எஸ்டேட் லயத்தில் மேல் வரிசை வீட்டில் இருக்கிறார்.

அரைநூல் என்பது பேர் இல்லை. பேர் வருகை எழுதுகிற மஸ்டர் புத்தகத்தில் இருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தச்சுவேலைக்காரர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை நூல் என்பார்கள். அதில் பாதி அரைநூல். எதைப் பார்த்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "அரைநூல் தள்ளியிருக்கு." சித்திரபுரம் பக்கம் எங்கள் தேயிலை பாக்டரியில் அவர் ஃபிட்டர். நான் டிரையரில் நிற்கிறவன்.

அவர் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவர் மாலையை நேராக்கச் சொன்னார். இவர் எழுந்து போய் கேமரா ஸ்டாண்டை நேராக்கினார். ஆல்பத்தில் முதல் நாலு படத்தில் பெண் மட்டும்தான் இருக்கிறார்.

சர்ச்சில் பூசை நடக்கும்போது எழுந்து போய் மாதா சுரூபத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். சாமியார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பூசை முடிந்து தள்ளி நின்று பார்த்தார். "இப்பத்தான்யா நம்மளப் பாக்காங்க" என்றார்.

பள்ளிவாசல் என்று பக்கத்து ஊர். அங்கே ஒரு சாவு. குழி வெட்டி முடிந்தது. அரைநூல் எட்டிப் பார்த்தார்.

"தலமாட்டுல அரைநூல் கோணல்."

குழி வெட்டினவருக்கு மழையில் மூன்று மணி நேர வேலை. "எறங்கிப் படுத்துப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

இறங்கினார். படுத்தார். "வலது தோள்ல இடிக்கி" என்றார். அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். பிறகு மறுபடி அழுதாள். குழியைச் சரி செய்துதான் பெட்டியை இறக்கினார்கள்.

போன மழைக்கு முந்தின மழையில் ஒரு காலை, பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. ஸ்ட்ரோக் என்றார்கள். கால் தப்பியது. பேச்சு தப்பியது. வலது கை மட்டும் நடுங்க ஆரம்பித்தது.

பாக்டரிக்குப் பொறுப்பு டீமேக்கர். நல்ல மனுஷன்தான். ஆனால் நடுங்குகிற கையை இலை உருட்டும் ரோலர் மெஷினுக்குள் விட முடியாது. பாக்டரி கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார். மூன்று மாசம். அதற்குள் கை நடுக்கம் நின்றால் மறுபடி ஃபிட்டர். நிற்காவிட்டால் கடைசி வரைக்கும் கேட்.

அரைநூல் நாலு நாள் கேட்டில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் கேட்டே அரைநூல் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். இடது கையால் கீலைக் கழற்றினார். மாட்ட முடியவில்லை. பச்சை இலை ஏற்றிய லாரி ஒரு மணி நேரம் வெளியில் நின்றது.

கைக்குப் பயிற்சி செய்ய டாக்டரம்மா ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அமுக்கச் சொன்னார். இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது உருண்டையா இல்ல."

"அமுக்கினா சரியாகும். நீ அமுக்கு."

அமுக்கவில்லை. கோணல் பந்தை அவர் கையில் பிடிக்கமாட்டார்.

அவர் சம்சாரம், எனக்கு மதினி முறை, ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல். அங்கே தங்கின வெள்ளைக்காரர் ஒருத்தர், பத்து நாளும் மழை பெய்ததில் வெளியில் போகாமல் பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருந்தாராம். ஊருக்குப் போகும்போது பிரிக்காத பெட்டி ஒன்று மிச்சம். மதினி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டிமேல் பழைய யுத்தத்தில் பறந்த விமானம். முன்னால் ஒற்றை விசிறி. பச்சையும் மண் நிறமும் திட்டுத் திட்டாக. உள்ளே நாலு பிளாஸ்டிக் சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் துண்டு துண்டாக விமானம். கொத்தமல்லி விதை அளவில்கூடத் துண்டு இருந்தது. கூட ஒரு தாள். அதில் எழுத்தே இல்லை. படமும் நம்பரும்தான். எங்களுக்கு அது வசதி.

அரைநூல் தாளை அரை மணி நேரம் பார்த்தார். "லே, இதை ஒட்டிட்டா நான் ஃபிட்டர்" என்றார். "ஒட்ட முடியலன்னா நானே கேட்டுக்குப் போயிருதேன்."

சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு முன்னால் பலகை போட்டு உட்காருவோம். நகவெட்டியால் துண்டை வெட்டுவார். பிளேடால் சுரண்டுவார். மதினி முள் எடுக்கிற சாமணத்தைக் கொடுத்தார். பெட்டியில் பசை இல்லை. கடையில் உடனே ஒட்டுகிற பசை வாங்கினோம். முதல் நாள் அது பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டிவிட்டது. மறுநாள் அந்த விரலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா இழுத்துப் பார்த்தார். சந்தோஷம் வந்தால் அவருக்கு மலையாளம்தான் வரும்.

"ஆ! பிடி நல்லோணம் உண்டல்லோ!"

"ஒட்டிக்கிடுச்சு டாக்டரம்மா."

விமானம் ஓட்டுகிற பொம்மை ஆளுக்குக் கறுப்புப் பெயிண்டில் கண் வைக்கப் போனார். கை நடுங்கியது. முகம் முழுக்கக் கறுப்பு. கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹெல்மெட்டு" என்றார்.

இரண்டு மாசத்தில் இறக்கை வரைக்கும் வந்துவிட்டார். பெயிண்ட் அடித்தார். அது காயவில்லை. எங்கள் மலை மஞ்சில், மூடுபனியில், துணியே காயாது. நாலு நாள் ஆகியும் விரல் வைத்தால் ஒட்டியது. ரெண்டு கொசு ஒட்டிச் செத்தது.

யோசனை சொன்னது நான்தான். "தேயிலை காயுது. இது காயாதாண்ணே?"

இறக்கையைத் தட்டில் வைத்து டிரையருக்குள் விட்டேன். பெயிண்ட் நன்றாகக் காய்ந்தது. வலது இறக்கை நனைந்த காக்கா மாதிரி தொங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் வலது பக்கம்தான்" என்றார். உள்ளே போய்விட்டார்.

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. மதினி என்னிடம் வந்து, "அவர் கேட்லயே இருந்துக்கிடுதேன்னு சொல்லுதார் தம்பி" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். ஒரு சட்டியில் சுடுதண்ணீர். பக்கத்தில் ரெண்டு கண்ணாடித் துண்டு.

"சூட்டுல வளைஞ்சது சூட்டுல நிமிரும்."

இறக்கையை முக்கி எடுத்தார். இடது கையில் ஒரு முனை. வலது கையில் ஒரு முனை. மெல்லத் தூக்கினார். கை ஆடியது. இறக்கை வேறு பக்கம் வளைந்தது. மறுபடி முக்கினார்.

"நான் பிடிக்கட்டாண்ணே?"

"உன் கை ஆடும்."

பதினோரு நாள். தண்ணீர் ஆற ஆற மதினி சுட வைத்துக் கொடுத்தார். நிமிர்த்துவார். கண்ணாடிக்கு நடுவில் வைத்து அமுக்குவார். எடுத்துப் பார்ப்பார். முகம் சுளிப்பார். பதினோராம் நாள் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்தார். திருப்பினார்.

"இருக்கட்டும்" என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்று மாசம் முடிந்தது. டீமேக்கர் கூப்பிட்டார். அரைநூல் விமானத்தோடு போனார். ஒரு துண்டை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்தார். ஓட்டுகிற ஆளுக்குப் பின்னால் நிற்கிற ஏரியல் கம்பி. தீக்குச்சியில் கால்வாசி.

"உங்க முன்னாடி இதை நட்டுறேன் சார்."

"இது பொம்மை. எனக்கு ரோலர் ஓடணும்" என்றார் டீமேக்கர்.

யூனியன் ஆள் எழுந்தார். "ஒரு தொழிலாளியோட உழைப்பை…"

"உக்காருடே. காத்து அடிக்கி" என்றார் அரைநூல்.

வலது கையில் சாமணத்தை எடுத்தார். கம்பியைப் பிடித்தார். கை ஆடியது. கம்பி விழுந்தது.

எல்லாரும் தரையில். டீமேக்கர் மேசைக்கு அடியில். யூனியன் ஆள் பீரோவுக்குப் பின்னால். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தேடினார். அவர்தான் கண்டுபிடித்தார். "கிட்டி!" என்று கத்தினார்.

ரெண்டாம் தடவை. கை ஆடிக்கொண்டேதான் கிளம்பியது. மேசைக்கு மேலே வரும்போதும் ஆடியது. ஓட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. கம்பி உள்ளே இறங்கியது. சாமணத்தை எடுத்த பிறகு மறுபடி ஆடியது.

டீமேக்கர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"கம்பி கோணலா இருக்கே."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரைநூலும் குனிந்து பார்த்தார். "மேசை கோணல் சார்" என்றார்.

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒரு பக்கமாக ஓடியது. மேசைக் காலுக்கு அடியில் பேப்பரை மடித்துச் செருகினார். குமிழி நடுவுக்கு வந்தது. கம்பி நேராக நின்றது.

டீமேக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினாலு வருஷமா இந்த மேசையில எழுதுறேன்" என்றார். பிறகு, "திங்கக்கிழமை ரோலருக்கு வாங்க" என்றார்.

அந்த விமானம் இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேசையில் இருக்கிறது. கை மரத்துப்போய் வருகிறவர்களுக்கு அவர் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.

ஹோம்ஸ்டேக்காரர் வெள்ளைக்காரருக்குப் படம் அனுப்பினாராம். அவர் இன்னொரு பெட்டி அனுப்பினார். ரெண்டு விசிறி விமானம். அரைநூலுக்கு நேரம் இல்லை. ரோலரில் ஒரு வேலை முடிந்தால் அடுத்தது. பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நான் ஒட்டுகிறேன். வேலை முடிந்து வரும்போது அவர் தன் வீட்டுக்குப் போகாமல் முதலில் என் வீட்டுக்கு வருகிறார். பார்க்கிறார். திட்டுகிறார். பிரித்துப் போடுகிறார். பால் விடாமல் ஒரு கட்டன் சாயா குடிக்கிறார். போகிறார். "அவர் பக்கத்துல உக்காந்து இத்தனை நாள் பாத்தும் உங்களுக்கு ஒட்டத் தெரியலையே" என்கிறாள் என் பெஞ்சாதி. ஒழுங்காக ஒட்டினால் அவர் எதற்கு வரப்போகிறார்.

நான் இதுவரை ஒட்டியது முப்பத்தாறு துண்டு. அவர் பிரித்துப் போட்டது முப்பத்தைந்து. நிற்பது ஒன்று.