அக்கா, கேக் அனுப்புவதை நிறுத்து

வோலோஸ்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள பொலிக்ஸேனி அக்காவுக்கு,

உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. இதய மருத்துவரே நேற்றுச் சொன்னார்.

வசந்தத்தில் நம் ஆர்கிரோவைப் பரிசோதித்துவிட்டு, எடையால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பதினோரு வயதிலேயே இதயச் சுவர் தடிக்கத் தொடங்கிவிட்டது, இப்போதே குறைத்தால் சரியாகும் என்று அவர் சொன்னதும், பயத்தில் உனக்கு ஃபோன் செய்தது என் தவறு. நீ உடனே புனித பனூரியோஸுக்கு வேண்டிக்கொண்டு கேக் செய்தாய். அவர் தொலைந்துபோனதைத் திருப்பித் தருகிறவர், அக்கா. குறைந்த எடையையும் திருப்பித் தந்துவிட்டால் என்ன செய்வது? எண்ணெயும் சர்க்கரையும் வால்நட்டுமாக ஒவ்வொரு வெள்ளியும் பேருந்தில் ஒரு கேக் வந்து இறங்கியது. வேண்டாமென்றால், "சாமிக்குச் செஞ்சதைக் குப்பையில போடுவியா, படிச்சவளே?" என்றாய். என் வீட்டுக்காரர் ஸ்டெலியோஸ், "ஒரு துண்டுல என்ன ஆயிடும்?" என்று மூன்றாவது துண்டை எடுத்தார்.

வழி கண்டுபிடித்தது ஆர்கிரோதான். "சாமி கேக்கை நாலு வீட்டுக்குக் குடுக்கணும்கிறதுதானே வழக்கம்? நானே குடுத்துட்டு வரேம்மா." லிஃப்ட் ஓடாத கட்டிடம். முதல் வாரம் இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மேல்மாடி வாங்கெலிஸ், "என்னடி, நீ வர்றதுக்குள்ள கேக் காஞ்சு போச்சு" என்று சீண்டினார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் பக்கத்துக் கட்டிடத்துக்கும் போனாள். மற்ற மாலைகளில் கேக் கொடுத்த தட்டுகளைத் திரும்ப வாங்க ஏறினாள். தட்டைக் காலியாகத் தரக் கூடாதே. "இனிப்பு வெச்சா டாக்டர் உங்களத் திட்டுவாரு" என்று அவள் மிரட்டியதில் ஆரஞ்சும் தக்காளியும் வந்தன.

நேற்று மருத்துவர் அழுத்தத்தை அளந்தார், நம்பாமல் மறுபடி அளந்தார். வயதுக்கு ஏற்ற அளவு. இதயச் சுவரும் மேற்கொண்டு தடிக்கவில்லை. இப்படியே போனால் மாத்திரையே வேண்டாமாம். நான் எழுந்து அந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன், அக்கா, நர்ஸையும் விடவில்லை. இதை யாரிடமும் சொல்லாதே.

காரணம் படிக்கட்டும், நான் நிறுத்திய குளிர்பானமும். உன் புனிதருக்கு இதில் வேலையில்லை. ஆகவே இனிமேல் ஒரு கேக் கூட வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் அடுப்பு நீண்ட ஓய்வு பெறட்டும்.

உன் தங்கை,
எவாந்தியா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆர்கிரோ இதைப் படித்துவிட்டாள். "கேக் இல்லைன்னா நான் எதுக்குப் படி ஏறணும்?" என்று சோபாவில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வழக்கம்போல அனுப்பு. கொஞ்சம் பெரிதாகவே செய், எதிர்க் கட்டிடம் பாக்கி இருக்கிறது. நான் கேட்டேன் என்று புனிதரிடம் மட்டும் சொல்லாதே.