சம்பந்தியின் காய்ச்சல்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையற்காரர் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே என்னைத் தவிர யாருக்கும் ஒரு குறையுமில்லை.

உன் அண்ணியின் அப்பா, அதாவது என் சம்பந்தி, பத்து நாள் தங்க வந்தவர் டைபாய்டில் படுத்துவிட்டார். என் ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. எனக்குப் பீரோவுக்குப் பின்னால் பாய். நானும் முனகிப் பார்த்தேன். உன் அண்ணி நெற்றியைத் தொட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்ல மாமா, கல்லு மாதிரி இருக்கீங்க" என்று அவரிடம் போய்விட்டாள். வெள்ளம் வந்த வருஷம், நீ தவழ்ந்துகொண்டிருந்தபோது, எனக்கும் இதே டைபாய்டு இருபத்தொரு நாள் அடித்ததே, ஜன்னலா கொடுத்தார்கள்? பத்தொன்பதாம் நாளே உன் அம்மா, "எந்திரிச்சு கோழியப் பிடிச்சு அடைங்க" என்றாள், பிடித்து அடைத்தேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, கக்கூஸ் போய்வந்தால் சோப்புப் போடு, காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை முழுக்கச் சாப்பிடு என்று டாக்டர் சட்டம் போட்டிருக்கிறார். சம்பந்தி வேளை தவறாமல் விழுங்கி அவரிடம் சபாஷ் வாங்குகிறார். என்னைக் கேட்டால் சோப்பு சட்டைக்குத்தான். வந்த நாள் முதல் அவருக்குக் காலையில் பப்பாளியைத் தோல் சீவி, துண்டு போட்டு, ஊட்டாத குறையாகக் கொடுத்தவன் நான். வேறு யாருக்கும் பிடிக்காத பழம், அவர் ஒருத்தருக்காகவே. அதை யார் நினைக்கிறார்கள்? சுகாதார அலுவலகத்துப் பெண் வந்து, "முன்னாடி யாருக்காவது டைபாய்டு வந்திருக்கா?" என்றதும் நான்தான் கை தூக்கினேன். டப்பா கொடுத்து என் மலத்தை மூன்று தடவை வாங்கிப்போனாள். இந்த வீட்டில் என்னிடம் ஒருத்தர் விரும்பிக் கேட்டது அது ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

நீங்கள் எல்லாரும் நோய்நொடி தெரியாமல் நிறைந்து வாழவேண்டும்.

இப்படிக்கு,
பாயில் கிடக்கும் அப்பா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் டப்பாவின் முடிவு வந்துவிட்டது. வெள்ளம் வந்த வருஷத்துக் கிருமி போகவே இல்லையாம். நாற்பத்திரண்டு வருஷமாக என் பித்தப்பையில் குடியிருந்து, சோப்புப் போடாத கை வழியாகப் பப்பாளியில் ஏறியிருக்கிறது. "இத்தன வருஷம் பத்திரமா வச்சிருந்தத எனக்கே குடுத்துட்டீங்களே, சம்பந்தி!" என்றார் அவர். ஆக, அவர் பெருமையாகப் படுத்திருந்ததே என் காய்ச்சலில்தான். எனக்கு இருபத்தெட்டு நாள் மாத்திரை. அடுப்படிப் பக்கம் தலைகாட்டக்கூடாது. நான் கக்கூஸ் போனால் உன் அண்ணி சோப்போடு வாசலிலேயே நிற்கிறாள். கை தேய்த்து முடிக்கும்வரை இருபது எண்ணுகிறாள். அவருக்கு யாரும் அப்படி நின்று எண்ணியதில்லை. கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதனால் கூட்டிப்போக வரவேண்டாம். சும்மா பார்க்க வருவதானால் எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கொண்டு வாருங்கள். பப்பாளியை நீயே நறுக்கிக்கொள்.